அதை எடுத்துக்கொள்

நகராட்சிக் கடிதம் வந்த அன்று மைனஸ் இருபத்தாறு.
பனி வாரும் வண்டியின் கண்ணாடி இடுக்கில் செருகி
மூன்று நாள் பிரிக்காமல் ஓட்டினேன்.
வரி பாக்கி என்றிருந்தேன்.

நான்கு ஆண்டுக்கு நீ மக்கள் நீதிபதி என்றது கடிதம்.
சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை.
படிக்காததே தகுதி என்பதுபோல
அதன் நடையில் ஒரு மரியாதை.

தானா ஆற்றுப் பாலத்துக்கு அருகே நீதிமன்றம்.
ரன்வெய்க்குக் கறுப்பு அங்கி.
மீன் தொழிற்சாலைக் கணக்கு பார்க்கும் எல்ஃப்ரிடுக்கும் எனக்கும் அங்கி இல்லை;
துவைத்த சட்டை போதும் என்றார்கள்.
மூவருக்கும் ஒரே உயர மேசை.
ஆளுக்கு ஒரு வாக்கு, எடையில் வித்தியாசமில்லை.
"நீங்கள் இருவரும் சேர்ந்தால் நான் தோற்றுவிடுவேன்"
என்றார் ரன்வெய்க், காப்பி ஊற்றிக்கொண்டே.
சிரிக்கிறாரா என்று பார்த்தேன்.
சர்க்கரை தேடிக்கொண்டிருந்தார்.

வழக்கு ஒரு படகு மோட்டார், பதினைந்து குதிரைத் திறன்.
எடுத்தவன் ஐலு, வயது இருபத்துமூன்று.
பறிகொடுத்தவர் நீல்லாஸ்.
இரண்டு வீட்டுக்கும் நடுவே மீன் உலர்த்தும் பரண் ஒன்றுதான்.
சான்று, கைபேசியில் ஒரே வரி, சாமி மொழியில்.
மொழிபெயர்ப்பாளர் எழுந்து வாசித்தார்:
"வேண்டுமானால் அதை எடுத்துக்கொள்."

எதை?

வலையை, என்றார் நீல்லாஸ். அவன் கேட்டது வலையைத்தான்.
மோட்டாரை, என்றான் ஐலு. வலைப் பேச்சு முந்தின நாளே முடிந்துவிட்டது.

நார்வே மொழியில் எழுதியிருந்தால்
வலைக்கு ஓர் 'அது', மோட்டாருக்கு வேறோர் 'அது';
பத்து நிமிடத்தில் வீடு திரும்பியிருப்போம்.
அவர்கள் மொழியில் ஒரே 'அது'தான்,
படகுக்கும் பனிக்கும் செத்துப்போன நாய்க்கும்.
அரசு வழக்கறிஞர் அந்தச் சொல்லுக்குள் முன்னும் பின்னும் போனார்,
முட்டுச்சந்தில் திரும்ப முடியாத லாரி மாதிரி.

எல்லோரும் பேசி ஓய்ந்த பின்
கடைசிச் சொல் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு; அது சட்டம்.
ஐலு எழுந்தான்.
"துடைத்துத்தான் வைத்திருந்தேன்" என்றான்.
உட்கார்ந்துவிட்டான்.

கதவைச் சாத்தினோம்.
உள்ளே பேசியதை வெளியே சொல்லக்கூடாது. சொல்லவும் மாட்டேன்.
ஊரறிந்ததை மட்டும் சொல்கிறேன்:
படித்த நீதிபதி கடைசியில்தான் வாக்களிக்க வேண்டும்.
அவர் முந்தினால்
நானும் எல்ஃப்ரிடும் அவர் டயர்த் தடத்திலேயே போய்விடுவோம்;
இதைச் சட்டம் எழுதியவன்
எப்போதோ பனியில் வண்டி ஓட்டியிருக்கிறான்.

தீர்ப்பில் அச்சானது இவ்வளவு:
ஐயம் தீரவில்லை. விடுதலை. இரண்டுக்கு ஒன்று.
அந்த ஒன்று, ரன்வெய்க்.

அதற்குப் பிறகு நடந்ததை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.
தோற்றவர்தான் தீர்ப்பை எழுதினார்.
எனக்குச் சொல்ல வராமல் நெஞ்சில் முள்ளாய்க் கிடந்த ஐயத்தை
எடுத்து, நேராக்கி, பத்தி பத்தியாக,
தானே நம்பியதுபோல எழுதினார்.
தன் மறுப்புக்கு ஐந்து வரி எடுத்துக்கொண்டார்.
கையெழுத்துப் போடுமுன் படியுங்கள் என்றார்.
"இங்கே ஒரு காற்புள்ளி" என்றாள் எல்ஃப்ரிட்.
போட்டார்.

மேல்முறையீட்டுக்கு இரண்டு வாரம்.
அதுவரை தீர்ப்பு ஈரச் சிமெண்ட்;
மேல் நீதிமன்றம் விரும்பினால் கால் வைக்கலாம்.
யாரும் வைக்கவில்லை என்று கேள்வி.

மார்ச்சில் ஒரு விடிகாலை
நெஸ்ஸெபி சாலை எனக்கு விழுந்தது.
வண்டி போகும் வேகத்தில்
வாசல்தோறும் பனி மேடு குவிந்துவிடும்;
நீல்லாஸ் வாசலில் தகட்டைத் தூக்கினேன்.
ஐலு வாசலிலும் தூக்கினேன்.
நீல்லாஸ் மண்வெட்டியோடு நின்றிருந்தார்.
தீர்ப்பில் எங்கள் பெயர் இருக்கிறது,
யார் எந்தப் பக்கம் என்பதும் இருக்கிறது.
அவர் கை உயரவில்லை.
நானும் ஹாரன் அடிக்கவில்லை.

பரணுக்குக் கீழே
தார்ப்பாய் போர்த்தி ஏதோ கிடந்தது.
அதுவாக இருக்கலாம்.